செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரலில் பொதுக்குழு நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். நவராத்திரிக்குக் கொலு வைத்தோம். செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் நான்கு முறை தலைவி, பொருளாளர், நான் ஆகிய மூன்று பேர் மட்டுமே.

இனி, பள்ளிப் பொங்கல் சந்தை. இது என் யோசனை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பத்தமடைப் பாயும் மணப்பாட்டு ஓலைப் பெட்டியும் வாங்கி விற்றால் லாபம் வரும் என்று செயற்குழுவில் ஒரு பேச்சு வந்தது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதை விற்க நாம் எதற்கு? நாமே பின்னிய வயர் கூடைதான் என்று பிடிவாதமாக நின்றேன். 22 கூடைகளும் 60 கீசெயின்களும் தயாராயின.

ஜனவரி 11, சனிக்கிழமை. ஸ்டாலில் நிற்கப் பெயர் கொடுத்தவர்கள் எட்டுப் பேர், வந்தவர்கள் மூன்று பேர். வராதவர்களில் ஒருவர், மார்கழி 27, கூடாரவல்லி பூஜை என்றார். சரி, நியாயம். மற்ற நால்வருக்கும் அன்று என்ன விசேஷம் என்று இன்றுவரை தெரியவில்லை. நமக்கு ஒதுக்கிய இடமோ சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி.

பதினொரு மணி வரை போணியே ஆகவில்லை. சும்மா உட்கார முடியாமல் நம் உறுப்பினர் ஒருவர் வயரை எடுத்து நெல்லிக்காய் முடிச்சுப் போட ஆரம்பித்தார். அவ்வளவுதான், பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். “பிளாஸ்டிக் பைக்குத் தடைன்னாங்களே, இதுவும் பிளாஸ்டிக்தானே ஆன்ட்டி?” என்றாள் ஒரு சிறுமி. 2019-இல் தடை செய்தது ஒருமுறை தூக்கிப் போடுகிற பையை. இந்தக் கூடையை உன் மகளும் தூக்குவாள் என்றேன். அவள் அம்மா கூடை ஒன்று வாங்கினார்.

கீசெயின் முழுதும் விற்றது. கூடை ஏழுதான் போயிற்று. 450 ரூபாயா, கடையில் 250-க்குக் கிடைக்கிறதே என்றார்கள். சிவன் கண் பின்னலில் ஒரு கூடை முடிக்க இரண்டு நாள் ஆகும் என்பதை யாரிடம் சொல்வது? ஆனாலும் அவரவர் கேட்ட கலரில் பின்னித் தர 19 ஆர்டர்கள், தலா 100 ரூபாய் முன்பணத்துடன் வந்தன. மாசிக்குள் தருவதாக எழுதிக் கொடுத்தது நான்.

இதுவரை 11 முடிந்தன. அதில் ஆறு நான் பின்னியவை. ஒன்று திரும்பி வந்தது. டிபன் கேரியரை வைத்துத் தூக்கியதும் கைப்பிடி கழன்றுவிட்டதாம். யார் பின்னியது என்று கேட்கவில்லை. பிரித்து நானே மறுபடி சுற்றிக் கொடுத்தேன்.

வரவு செலவு ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. விவரம் பொருளாளர் வாசிப்பார். மாதம் பத்து ரூபாய்ச் சந்தாவில் 31 பேரில் 14 பேர் பாக்கி. பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை. பட்டியல் மேஜை மேல் இருக்கிறது.

ஸ்டாலுக்கு மேஜை தந்தவருக்கும், கூடைகளை ஏற்றிச் சென்ற ஆட்டோத் தம்பிக்கும், தலைவி அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யார் ஏற்றாலும் எனக்குச் சந்தோஷம்தான். மீதி எட்டுக் கூடைக்கான வயரை அளவாக வெட்டி, கலர் பிரித்து, ஆர்டர் கொடுத்தவர் பெயரை எழுதிக் கட்டி என் வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

செயலாளர்