எனக்காகப் படித்துக் காட்டியவர்களுக்கு

அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்து ஹெஸ்பர்க் நூலக நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். அதன் நன்றியுரையில் உங்களுக்கென்று இரண்டே வரிதான் எழுத முடிந்தது. மனசு ஆறவில்லை.

மூன்றாம் ஆண்டு ஜனவரியில் வலது கண்ணில் விழித்திரை விலகி, அறுவை சிகிச்சை ஆனது. கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்து, குப்புறப் படுக்கச் சொன்னார்கள். குமிழி கரையும்வரை விமானம் ஏறக் கூடாது, அதனால் ஊருக்கும் போக முடியாது. படிக்கவும் கூடாது. அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னேன்.

மதுரைத் தம்பி, மின்பொறியியல் படிக்கிற உனக்கு என் வரலாற்றுக் கட்டுரைகள் என்ன சுவைத்திருக்கும்? ஆனாலும் தினமும் ராத்திரி பனியில் நடந்து வந்தாய். “அக்கா, அடிக்குறிப்பு பதினாலு, அதையும் படிக்கவா?” என்று கேட்டுக் கேட்டுப் படித்தாய். ஒன்றைக்கூட விடவில்லை. என் அறைத்தோழி மூன்று அத்தியாயங்களைப் போனில் பதிவுசெய்து தந்தாள். இரண்டாவதில் குக்கர் விசில் அடிக்க, “இருடி, அடுப்பை அணைச்சிட்டு வரேன்” என்று ஓடுகிறாள். அந்தப் பதிவுகளை இன்னும் அழிக்கவில்லை.

நூலகப் பணியாளர் அம்மாவுக்குத்தான் பெரிய கடன். கணினி வாசித்துக் காட்டுவதற்காகப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பினீர்கள். கோணலாக விழுந்த பக்கத்தை மறுபடி எடுத்தீர்கள். எல்லாருக்கும் தொந்தரவு தருகிறேனே என்று ஒருநாள் அழுதேன். அன்றைக்குத்தான் ஃபாதர் ஹெஸ்பர்க்கைப் பற்றிச் சொன்னீர்கள். 1952 முதல் 35 ஆண்டுகள் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். 1972இல் இளங்கலை வகுப்புகளில் பெண்கள் சேர்ந்ததும் அவர் காலத்தில்தான். 1963இல் திறந்த இந்த நூலகத்துக்கு, 1987இல் அவர் ஓய்வுபெற்றபோது அவர் பெயரை வைத்தார்கள். அதற்குப் பிறகும் 13ஆவது மாடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. முதுமையில் பார்வை மங்கியபோது மாணவர்கள் அங்கே போய்ச் செய்தித்தாள் படித்துக் காட்டுவார்களாம். “இந்தக் கட்டடத்துக்கு இது புதுசில்லை, கண்ணைத் துடை” என்றீர்கள். அதற்குப் பிறகு உதவி கேட்க நான் கூசவில்லை.

கண் இப்போது நன்றாக இருக்கிறது. நூலகச் சுவரில் 134 அடி உயரத்துக்கு நிற்கும் அந்தக் கல் ஓவியத்தை நேற்று தூரத்திலிருந்தே தெளிவாகப் பார்த்தேன்.

நூலக அம்மா, இந்த மடல் தமிழில் இருக்கிறது. திங்கட்கிழமை நேரில் வந்து, உங்களுக்குப் புரியும்படி நானே படித்துக் காட்டுகிறேன்.