போயா தினச் சந்திப்பு: உங்களை விடாத ஒரு புத்தகம்

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வரும் போயா தினத்தன்று (பௌர்ணமி விடுமுறை) இலங்கை மலையகத்து அட்டனில் கூடும்போது ஆளுக்கொரு புத்தகம் சொல்வதாக முடிவாகியிருக்கிறது. ஊர் மெச்சிய புத்தகம் வேண்டாம். பத்து வருடம் கழித்தும், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது சும்மா ஞாபகம் வருமே, அது.

நான் தொடங்குகிறேன். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', 1964இல் வந்த நாவல். தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்க வந்தவர்களின் கதை. அட்டை கிழிந்த பிரதியில்தான் வாசித்தேன். முடித்த அன்று, நம் ஆட்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று அப்பாயியிடம் முதல் தடவையாகக் கேட்டேன். ஊர்ப் பெயர் மறந்துவிட்டதாம். வாசலில் நின்ற புளியமரம் மட்டும் ஞாபகம் இருந்தது.

அப்புறம் பி. எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் தந்தவர் இரா. முருகவேள். இடம்தான் தமிழ்நாடு, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி நமக்குத் தெரிந்த ஆள்தான்.

மலையக நூலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ரஷ்யக் கதையா, சரி. பள்ளிக்கூடப் பாடநூலா, அதுவும் சரி. ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயரும் நாலு வரியும் இங்கே போடுங்கள். குரல் பதிவு இரண்டு நிமிடத்துக்குள் (போன முறை பதினொரு நிமிடம் பேசிய அண்ணனுக்குப் புரியும்). பிடிஎஃப் வேண்டாம்.

இரவல் தருகிறவர்கள் உள்ளே பெயர் எழுதி, பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். மழைக்காலம்.