மூவர் சொன்னால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உளவும் அரசியலும் பற்றிய கட்டுரையில், மூன்று ஒற்றர்கள் ஒரே செய்தியைச் சொன்னால் நம்பலாம் என்று வள்ளுவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். 589-ஆம் குறளின் முதல் பாதி விடுபட்டுவிட்டது. ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்பதுதான் அங்கே நிபந்தனை. அது இல்லையென்றால் மூவர் என்ன, முப்பது பேர் சொன்னாலும் வீண்.

முப்பது என்பது மிகையில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு வேலை செய்த ஸ்பானியர் ஹுவான் புஹோல், ஜெர்மனியின் ஒற்றராக நடித்து, தனக்குக் கீழே 27 உளவாளிகள் இருப்பதாக ஜெர்மானியரை நம்பவைத்தார். அத்தனை பேரும் கற்பனை. அவர்களுக்கும் சேர்த்து ஜெர்மனிதான் படியளந்தது! பிரான்ஸின் நார்மண்டி கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியது கண்துடைப்பு, பெரிய தாக்குதல் கலே துறைமுகப் பக்கம்தான் வரும் என்று 1944 ஜூன் 9-இல் அவர் அனுப்பிய செய்தி ஹிட்லரின் தலைமையகம் வரை எடுபட்டது. கலே பகுதியில் இருந்த படைகள் பல வாரங்கள் அங்கேயே காத்துக் கிடந்தன.

இதற்காகத்தான் உளவுத் துறைகள் ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு மதிப்பீடு போடுகின்றன. சொன்ன ஆளுக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து, செய்திக்கு 1 முதல் 6 வரை ஓர் எண். நல்ல ஆளும் தவறான செய்தி கொண்டுவரலாம் என்பதால் ஒன்றைப் பார்த்து மற்றதைப் போடக் கூடாது. செய்திக்கு 1 கிடைக்க, தொடர்பில்லாத வேறு வழியிலும் அது உறுதியாகியிருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். ஆளைக் காப்பாற்றப் பெயரை மறைத்தே அறிக்கை அனுப்புகிறார்கள். ஒரே வாய் சொன்னது இரண்டு துறைகள் வழியாக, இரண்டு குறிப்பெண்களோடு மேசைக்கு வந்தால், படிக்கும் அதிகாரி இரண்டு சாட்சி என்று கணக்கு வைக்கிறார். மறைப்பதும் அவசியம், சரிபார்ப்பதும் அவசியம். ஒன்று மற்றதைக் கெடுக்கிறது. எல்லாப் பெயர்களும் தெரிந்த ஒருவராவது அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.

ஈராக்கில் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் இருப்பதாக 2003 பிப்ரவரி 5-இல் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் பேசியபோது, நான்கு பேர் சொன்னதாகச் சொன்னார். முதன்மைச் சாட்சி ஜெர்மனியில் புகலிடம் கேட்டிருந்த ஒரு பொறியாளர். போருக்கு முன் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அவரை நேரில் விசாரிக்கவே இல்லை. இன்னொருவர் கட்டுக்கதை சொல்பவர் என்று 2002 மே மாதமே அமெரிக்க ராணுவ உளவுத் துறை எச்சரிக்கைக் குறிப்பு அனுப்பியிருந்தது. அந்தக் குறிப்பைக் கவனிக்காமலே அவர் சொன்னதையும் உரையில் சேர்த்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்