பவர் பத்திரம்: கோயில் நிர்வாகங்களுக்கும் முதியோர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் வட்டாரக் கோயில், சங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் ஆஃப் அட்டர்னி பத்திரத்தை, ஒரு பக்கப் பாரமாக முதியவர்களிடம் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கையெழுத்து வாங்கியதும் காரியம் முடிந்தது என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். மலேசியாவின் 1949ஆம் ஆண்டுப் பவர் ஆஃப் அட்டர்னி சட்டப்படி வழக்கறிஞர், மாஜிஸ்திரேட், சத்தியப் பிரமாண ஆணையர் போன்றவர் முன்னிலையில் கையொப்பமிட்டு, அவர் சான்றளிக்க வேண்டும். பிறகு 10 வெள்ளி முத்திரைத் தீர்வை கட்டி, பிரதியை உயர் நீதிமன்றப் பதிவகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை பத்திரம் செல்லாது. வீடு, நிலம் என்றால் நில அலுவலகத்திலும் ஒரு பிரதி சேர வேண்டும்.

இந்தக் குறைகளைப் பிறகுகூடச் சரிசெய்யலாம். அம்மாவுக்கு நினைவு தடுமாறிய பிறகு, மருத்துவமனைக் கட்டிலில் அவர் விரலைப் பிடித்து மையில் தோய்த்து வாங்கும் ரேகையை யாராலும் சரிசெய்ய முடியாது. எதற்கு அதிகாரம் கொடுக்கிறோம் என்று கொடுப்பவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முறையாகச் செய்த பத்திரமும், அவர் சித்த சுவாதீனம் இழந்தவர் என்று தீர்மானிக்கப்பட்டால் முடிந்துவிடும். சிங்கப்பூரில் இருப்பதுபோல் அதற்குப் பிறகும் நீடிக்கும் ஏற்பாடு நம் 1949 சட்டத்தில் இல்லை. மிஞ்சும் வழி 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம்தான்: மருத்துவ அறிக்கைகளோடு உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, விசாரணை முடிந்து, சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வைக்க வேண்டும். செலவும் அதிகம், காலமும் அதிகம். ‘ரத்து செய்ய முடியாதது’ என்று எழுதிக்கொண்டால் போதும் என்பாரும் உண்டு. பணமோ வேறு பிரதிபலனோ பெற்றுக்கொண்டு கொடுத்த அதிகாரத்துக்கே அது முழுமையாகக் கைகொடுக்கும். பிள்ளைக்குப் பாசத்தில் கொடுத்ததற்கு அல்ல.

ஆகவே, நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்யச் சொல்லுங்கள். வயது முதிர்ந்தவர் என்றால் அதே நாளில் மருத்துவரின் கடிதம் ஒன்று வாங்கி வைக்கட்டும். பத்திரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழில் வரிவரியாகப் படித்துச் சொல்ல ஒருவரை நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். பலன் பெறப்போகும் பிள்ளை அந்த வேலையைச் செய்யக் கூடாது, பின்னாளில் அண்ணன் தம்பி வழக்குக்கு அதுவே வித்தாகிவிடும்.

பழைய கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் பழைய அடையாள அட்டை எண் இருக்கும், தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பழைய, புதிய எண்கள் இரண்டையும் பவர் பத்திரத்தில் எழுதி, பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியப் பிரமாணமும் இணைக்காவிட்டால் நில அலுவலகத்தில் சிக்கல் வரலாம். வங்கிக் கணக்கு என்றால் அந்த வங்கியிடம் முதலில் கேட்பது நல்லது; பொதுவான வாசகத்தை ஏற்காமல் தங்கள் சொந்தப் பாரத்தைக் கேட்கும் வங்கிகள் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ‘சேர்ந்தோ தனித்தனியாகவோ’ என்று எழுத வேண்டும். ‘சேர்ந்து’ மட்டும் இருந்து ஒருவர் இறந்தால், மற்றவரால் எதுவும் செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் பூர்வீக நிலம் உள்ளவர்களுக்குத் தனிப் பத்திரம் வேண்டும். இங்கு கையொப்பமான பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டி முத்திரையிட வேண்டும்.

பெற்றோர் இறந்த நாளோடு அதிகாரமும் போய்விடும் என்பதையும் கூட்டங்களில் அறிவியுங்கள். அதன்பின் அந்தப் பத்திரத்தைக் காட்டிப் பணம் எடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
கோலாலம்பூர் சட்ட உதவித் தன்னார்வலர்கள்