பனிக்குடம் உடைந்த நேரத்தை யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசவ அறையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பச்சிளங்குழந்தைகளுக்குப் பேறுகாலத்திலேயே தொற்றிக்கொள்ளும் நோய்க்கிருமிகளைத் தடுப்பதில், பணமோ கருவியோ தேவைப்படாத ஒரு காரியத்தை நாம் தொடர்ந்து கோட்டைவிடுகிறோம் என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் தம்பி மகளுக்கு அதிகாலை 3 மணிக்கு வீட்டில் வைத்துப் பனிக்குடம் உடைந்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெண்கள் இதை 'வெள்ளம் போச்சு' என்பார்கள். 5 மணிக்கு ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது அவளுடைய மாமியார் நேரத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் கேஸ் ஷீட்டில் 'வலியுடன் வந்தார்' என்பதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. பகல் முழுவதும் வலி வலுக்காததால் மாலையில் வேறொரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கூடவே வந்த சீட்டில் ரத்த வகை இருந்தது, ஹீமோகுளோபின் அளவு இருந்தது, பனிக்குடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கே கேட்டபோது, களைத்துப்போயிருந்த பெண் "காலையில" என்று மட்டும் சொன்னாள். அது காலை 10 மணி என்று பதிவாயிற்று. இரவு 11.30-க்குக் குழந்தை பிறந்தது. பதிவின்படி பதின்மூன்றரை மணி நேரம், உண்மையில் இருபதரை மணி நேரம். மறுநாள் குழந்தை பால் குடிக்க மறுத்து மூச்சு வாங்கத் தொடங்கியது. பத்து நாள் எஸ்.என்.சி.யு. என்னும் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பது பிரசவ அறையில் நின்றவர்களுக்குத் தெரியும். பனிக்குடம் உடையாத வரையில் குழந்தைக்கு அது ஒரு மதில். உடைந்த பிறகு பிறப்புவழியில் இருக்கும் கிருமிகள் மேலேறத் தொடங்கும். 18 மணி நேரத்திற்கு மேல் ஆகிவிட்டாலோ, தாய்க்கு 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத காய்ச்சல் இருந்தாலோ, 37 வாரம் நிறையும் முன்பே வலி கண்டாலோ, தாய்க்கு நரம்பு வழியாக நோய்க்கிருமிக் கொல்லி மருந்து கொடுப்பதை மருத்துவர்கள் யோசிப்பார்கள். ஆம்பிசிலின் என்றால் முதலில் 2 கிராம், பிறகு குழந்தை பிறக்கும் வரையில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். முதல் ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் கிடைத்தால்தான் மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போதிய அளவில் போய்ச் சேர்ந்தது என்று நம்பலாம். நேரத்தைத் தவறாக எழுதினால் மருந்தையே தவறவிட்டதாக ஆகிவிடுகிறது. அன்று ஊசி போட்டிருந்தால் நோயே வந்திராது என்று நான் சாதிக்கவில்லை. போடலாமா என்று யோசிக்கும் வாய்ப்பே மருத்துவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்காவில் 36, 37-ஆம் வாரங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருக்கிறதா என்று பஞ்சுக்குச்சியால் எடுத்துச் சோதித்து, இருப்பவர்களுக்குப் பிரசவ வலியின்போது பென்சிலின் கொடுக்கிறார்கள். அதனால் பிறந்த முதல் வாரத்திலேயே இக்கிருமியால் நோய் காணும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1990-களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 1.8 என்று இருந்தது, கால் பங்கிலும் குறைவாக இறங்கியது. படித்த இளம் தாய்மார் இதை இணையத்தில் பார்த்துவிட்டு, நம் ஊரில் ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் கண்ட கிருமிகளில் பாதிக்கு மேல் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலை ஆகிய மூன்றுமாக இருந்தன. இவற்றில் பல வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. இவை தாயிடமிருந்து மட்டும் வருபவையும் அல்ல. நம் கையிலிருந்தும், குழாயடியிலிருந்தும், சளி உறிஞ்சும் டியூபிலிருந்தும் வருபவை. எல்லாருக்கும் ஒரு ஊசி போட்டுவிட்டால் கவலை விட்டது என்று நினைத்தால் மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்த்துவிடுவோம்.

இங்கே கையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் மாவட்டத்து நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838-இல். கையைக் குளோரின் கலந்த நீரில் கழுவினால் பிரசவித்த பெண்கள் காய்ச்சலில் சாவது குறையும் என்று வியன்னாவில் செம்மல்வெய்ஸ் காட்டியது அதற்கும் ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1847-இல். இத்தனை காலத்துக்குப் பிறகும், முழங்கையால் திறக்க வேண்டிய குழாயின் நீண்ட பிடி ஒடிந்துபோய், கழுவிய கையாலேயே குமிழைத் திருகி மூடும் பிரசவ அறையில் நான் வேலை பார்த்திருக்கிறேன். தண்ணீரில் ஊறிக் கூழான சோப்பு ஒரு கிண்ணத்தில் கிடக்கும். கை துடைக்க, காலையிலிருந்து ஈரம் காயாத ஒரே துண்டு. பிளம்பரை அழைத்துவர இரண்டு மாதம் கடிதம் எழுதினேன்.

அடிக்கடி உள்பரிசோதனை செய்வதும், அதாவது பிறப்புவழியில் விரல் விட்டுப் பார்ப்பதும், இதே வகைதான். வலி நன்றாகப் பிடித்த பிறகு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பனிக்குடம் உடைந்த பிறகு ஒவ்வொரு முறையும் கையுறையோடு கிருமியும் மேலே போகும். ஆனால் "யாரும் வந்து பார்க்கவே இல்லை" என்று உறவினர்கள் சண்டைக்கு வருவதால், சும்மாவேனும் ஒருமுறை பார்த்துவிடுகிறவர்கள் எங்களில் உண்டு. நானும் செய்திருக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் சீட்டின் தலைப்பிலேயே, பனிக்குடம் உடைந்த தேதியும் நேரமும், அதன்பின் எத்தனை முறை உள்பரிசோதனை நடந்தது என்பதும், ஊசி போட்டிருந்தால் முதல் ஊசியின் நேரமும் எழுத மூன்று கட்டங்களை மாவட்டச் சுகாதாரத் துறையினர் அச்சிட்டுத் தர வேண்டும். அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் ஒரே சீட்டைப் பயன்படுத்த வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளிலிருந்து கிளம்பி, இடையில் ஓரிடத்தில் சேர்ந்து, பிறகு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேரும் பெண்ணுக்கு, வழியில் கழியும் மணிகளை இந்தச் சீட்டைத் தவிர வேறு யாரும் எண்ணப்போவதில்லை.

மற்றொன்று வீட்டிலுள்ளவர்களுக்கு. வெள்ளம் போனவுடன் கடிகாரத்தைப் பார்த்து, தாய் சேய் நல அட்டையின் பின்பக்கத்தில் நேரத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள். நீர் பச்சையாக இருந்ததா, நாற்றம் இருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் புறப்படுங்கள். சேர்க்கும் இடத்தில் அந்த அட்டையைக் காட்டி, கேஸ் ஷீட்டில் ஏறும் வரையில் பக்கத்திலேயே நில்லுங்கள். சிஸ்டர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தக்கலை.