பாடத்திட்டம் எழுதும் மேசையில் மெக்கானிக்குக்கும் ஒரு கதிரை போடுங்கள்

வட மாகாணத்தில் தொழிற்பயிற்சிப் பாடங்களை வகுப்பவர்களுக்கும் போதனாசிரியர்களுக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் வாகனம் திருத்தும் கராஜ் நடத்துகிறேன். பயிற்சி நிலையங்களில் படித்துவிட்டு வேலை பழக வரும் பொடியன்களைப் பல வருடமாகச் சேர்த்துக்கொள்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள். என்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் படம் கீறியே காட்டுவார்கள். ஆனால் வாசலில் வந்து நிற்பது ஹைபிரிட் கார். சிலர் அதைத் தொடவே பயப்படுகிறார்கள். சிலர் பயமே இல்லாமல் கை வைக்கிறார்கள். இந்த இரண்டாவது ஆட்களை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

முதல் தலைமுறை டொயோட்டா அக்வா ஹைபிரிட்டின் பெரிய பற்றரி 144 வோல்ற், பிரியஸில் 200 வோல்றுக்கும் மேல். அந்தப் பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மின்காப்புக் கையுறை இல்லாமல் உயர் வோல்ற் மின்சாரம் போகும் செம்மஞ்சள் கேபிளைத் தொடக்கூடாது. இதைப் பரீட்சைக்கு மனனம் செய்தால் போதாது, கை பழக வேண்டும். இந்தப் பழக்கம் வராத ஒருவருக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழ் கொடுப்பது அந்தப் பிள்ளைக்கே ஆபத்து.

ஊருக்கென்று சில பழுதுகளும் உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற்றுக்குப் பதிலாக அதை ஊற்றி ஊற்றி ரேடியேற்றருக்குள் உப்புப் படிந்து அடைத்துப்போகிறது. கடற்கரைப் பக்கத்து வாகனங்களின் அடிப்பாகத்தை உப்புக்காற்று தின்றுவிடும். பின்சீற்றுப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தில் தூசி அடைத்தால் ஹைபிரிட் பற்றரி சூடேறிப் பழுதாகும். ஒரு தொழிலுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் தேசிய தேர்ச்சி நியமம் நாடு முழுவதற்கும் பொது, சரி. அதைக் கற்பிக்கும்போது ஊருக்கேற்ற உதாரணம் சேர்ப்பதை யார் தடுக்கப்போகிறார்கள்?

கனடாவில் 1960களின் பிற்பகுதியில் டேகம் என்றொரு முறை வந்தது. ஒரு தொழிலை நன்றாகச் செய்யும் ஐந்து முதல் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, இரண்டு நாள் அளவில் இருத்தி, அன்றாடம் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லவைத்துச் சுவரில் ஒட்டுவார்கள். பாடத்திட்டம் அதிலிருந்து எழும்பும். இதை இங்கேயும் செய்யலாம். முதலாளிமாரை மட்டும் கூப்பிடாதீர்கள். காருக்கு அடியில் படுத்து வேலை செய்பவர்களையும் கூப்பிடுங்கள். வரும் நாட்களின் சம்பளம் போகும் என்பதால் அவர்களுக்குப் படி கொடுக்கவும் வேண்டும்.

வேலைத்தளப் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொடியன்களின் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கும் எங்களுக்கு, எந்த மாதம் எதைப் பழக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் பொடியன் முதல் மாதம் கழுவுகிறான், கடைசி மாதமும் கழுவுகிறான். ஒரு பக்கத்தில் தமிழில் எழுதித் தந்தாலே பெரிய உதவி. படித்து முடித்து ஆறு மாதம் கழித்து அவனிடமும் அவனுக்கு வேலை கொடுத்தவரிடமும், படித்ததில் எது உதவியது, எது விடுபட்டது என்று கேளுங்கள். அடுத்த வருடப் பாடத்தை அந்தப் பதில்களை வைத்துத் திருத்துங்கள்.

போதனாசிரியர் யாராவது ஒரு கிழமை வந்து எங்களோடு நின்று வேலை பார்க்க விரும்பினால், எங்கள் கராஜில் இடம் இருக்கிறது. சனிக்கிழமைதான் வேலை கூட. அன்று வந்தால் எல்லா வகைப் பழுதையும் பார்க்கலாம்.

நன்றியுடன்,
யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் ஒருவர்