சுவரும் கானும் அளவுப்பட்டியலில் ஏறட்டும்: ஒரு திறந்த மடல்

மலையகத்தில் வீடு, பாதை, பாடசாலைக் கட்டட வேலைகளுக்கு விலைமனுக் கோரும் அமைச்சு, மாகாணசபை, பிரதேச சபை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஹட்டன், நோர்வூட் பக்கத்துக் கட்டுமானத் தளங்களில் ஒப்பந்த நிர்வாகம் பார்ப்பவன் நான். அளவெடுப்பது, பில் போடுவது, கடிதம் எழுதுவது, வராத பணத்துக்காக உங்கள் அலுவலக வாசலில் காத்திருப்பது எல்லாம் என் வேலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைகளைச் சரித்துவிட்டுப் போன பிறகு, எங்கு போனாலும் மீள்கட்டுமானப் பேச்சுத்தான். அந்த வேலைகளுக்கான ஒப்பந்தங்களும் பழைய அச்சிலேயே வார்க்கப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் இதை எழுதுகிறேன்.

தோட்ட வீடமைப்பில் 550 சதுர அடி வீடு என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வரைபடம் ஒன்று, செய்ய வேண்டிய வேலைகளை அளவும் விலையும் போட்டு வரிசைப்படுத்தும் அளவுப்பட்டியலும் ஒன்று. விளையாட்டு மைதானம் போன்ற சமதரையில் எழும்பும் வீட்டுக்கும், தேயிலைச் சரிவை வெட்டி எழுப்பும் வீட்டுக்கும் ஒரே தொகை. அத்திவாரம், சுவர், கூரை, யன்னல் எல்லாம் பட்டியலில் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்திட்டைத் தாங்கும் கருங்கல் சுவர் இருக்காது. மேலிருந்து இறங்கும் தண்ணீரைத் திருப்பிவிடும் கான் இருக்காது. தப்பித்தவறி இருந்தாலும் ‘தேவைப்படின்’ என்று ஒரு வரி. அளவும் இல்லை, விலையும் இல்லை.

தெரியாமல் நடப்பதல்ல இது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறப்படுகிறது. எவ்வளவு உயரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கான் எங்கே, சுவர் எங்கே என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த அறிக்கை சொன்னதைப் பட்டியலில் ஏற்றி விலை கேட்டால் மதிப்பீடு உயர்ந்துவிடும். அனுமதிக்கப்பட்ட தொகைக்குள் வீடுகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். எனவே அறிக்கை கோப்பிலேயே கிடக்கிறது.

ஒரு தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு நாள் விடாத மழையில் ஊறிய திட்டு, கதவு, யன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்த ஒரு வீட்டின் பின்சுவர் வரைக்கும் இறங்கிவிட்டது. பார்க்க வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர், “உடனே சுவரைக் கட்டுங்கள், பில்லில் பிறகு போட்டுக்கொள்ளலாம்” என்றார். எழுதித் தாருங்கள் ஐயா என்று சைட் புத்தகத்தை நீட்டினேன். அவர் கையெழுத்து வைக்கவில்லை. மேலதிக வேலைக்கு உத்தரவிடும் அதிகாரம் அவர் பதவிக்கு இல்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒப்பந்தகாரர் சுவரைக் கட்டினார். லொறி போகாத இடம் அது. பிரதான வீதியோரம் கியூப் கணக்கில் கல்லைக் கொட்டி, மலைப்படி வழியாகத் தலையிலும் தோளிலும் சுமந்துதான் கொண்டுபோக வேண்டும். கல்லின் விலையைவிடச் சுமைக்கூலி கூடிவிட்டது. அந்தச் சுமைக்கூலி எந்த அளவுப்பட்டியலிலும் தனி வரியாக வந்து நான் பார்த்ததில்லை. பில் போனது. எழுத்துமூல உத்தரவு இல்லை என்று சிவப்பு மையால் வெட்டப்பட்டுத் திரும்பி வந்தது. மனைவியின் நகையை அடகு வைத்து மேசன்மாருக்கும் கையாட்களுக்கும் கூலி கொடுத்தார் மனிதர். அடுத்த தளத்தில் இதே போல ஒரு திட்டு பிளந்தபோது, “பட்டியலில் இல்லை, கட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம். அந்த வீட்டில் இன்று ஒரு குடும்பம் குடியிருக்கிறது.

காலக்கெடுவிலும் இதே கதைதான். ஃபிடிக் 1999 என்ற சர்வதேச மாதிரிக் கட்டுமான ஒப்பந்தப்படி, வழமைக்கு மாறான மோசமான காலநிலைக்கே கால நீட்டிப்புக் கேட்கலாம். வட்டவளையில் ஜூன் மழை வழமைக்கு மாறானதல்ல, அதனால் நீட்டிப்பும் கிடையாது; நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் அது ஒன்று. பதுளைப் பக்கத்தில் வருடக் கடைசி மழையும் அப்படித்தான். அந்த மாவட்டத்து மீரியபெத்தை தோட்டம் மண்சரிவில் புதைந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. நிதி தாமதமாக வந்து செப்டெம்பரில் வேலையை ஒப்படைத்து, டிசெம்பர் 31க்குள் முடித்துக் கணக்குக் காட்டுங்கள் என்றால், மழையோடு மழையாக மண்ணை வெட்டச் சொல்வதாகவே அர்த்தம். மழைக்கால நாட்களைக் கழித்துவிட்டு மீதியைக் கால அளவாகப் போடுங்கள். மண்வெட்டும் வேலை எந்த மாதங்களில் நடக்கக்கூடாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

சிறிய ஒப்பந்தகாரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலதிகப் பணம் கேட்பதென்றால் 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்கிறது அதே ஃபிடிக். பெரிய நிறுவனங்களில் அதற்கென்றே ஆள் உண்டு. சி8, சி9 என்ற சிறிய ஒப்பந்தகாரர் தரத்தில் பதிந்துள்ள நம் ஊர்க்காரர்களில் பலர் ஆங்கில ஆவணத்தில் விலைப்பத்தியை மட்டும் நிரப்பிக் கையெழுத்து வைக்கிறார்கள். நிபந்தனைகளின் தமிழ்ப் பிரதியை டெண்டருடனேயே கொடுப்பது பெரிய செலவல்ல.

அடுத்த டெண்டர் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் அளவுப்பட்டியலையும் அருகருகே விரித்துப் பாருங்கள். சுவருக்கும் கானுக்கும் சுமைக்கூலிக்கும் அளவோடு, விலையோடு வரி இல்லையென்றால் கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்புங்கள். வீடுகளின் எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். அதை மக்களிடம் சொல்ல நாங்களும் உங்களோடு நிற்கிறோம். விலைமனுக் கோரும் முன் ஒவ்வொரு காணியையும் நடந்து அளக்க ஆள் பற்றாக்குறை என்றால், இந்தத் தொழிலில் இருக்கும் எங்களைக் கூப்பிடுங்கள். டேப்போடு வருகிறோம், கூலி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒப்பந்த நிர்வாக ஊழியன்